பிள்ளைகளின் எடையும் பள்ளிச் சூழலும்: வாசல் முதல் கேன்டீன் வரை மாற்ற வேண்டியவை

பருமனான பிள்ளையைக் கண்டால் "வாயைக் கட்டத் தெரியவில்லை", "வீட்டில் செல்லம் அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தப் பிள்ளையின் ஒரு நாளைக் கூடவே இருந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. காலை 7:15-க்கு வேன். வீட்டு வாசலில் ஏறினால் பள்ளி வாசலில்தான் இறக்கம். எட்டு பீரியடும் உட்கார்ந்தே போகிறது. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். மாலை மணி அடிக்கும்போது கடும் பசி; எதிரே பெட்டிக்கடையில் 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள். அங்கிருந்து டியூஷன், பிறகு வீட்டுப்பாடம், போனைப் பார்த்தபடி இரவுச் சாப்பாடு. தூங்கும்போது மணி பத்தரை. இதில் பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்தது எது?

பிள்ளையைத் திருத்துவதை விட்டுவிட்டு, அது நடமாடும் இடத்தைத் திருத்த வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவினர், பெற்றோர் மூவரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகளை மட்டும் இங்கே சொல்கிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 1 முதல் 5 வரை ஆண்டுக்கு 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும். இத்தனை நாள் பிள்ளைகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் இடம் வீட்டை விட்டால் பள்ளிதான்.

எடையைக் கூட்டும் சூழல்

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-இல் 2.1 சதவீதம், 2019-21-இல் 3.4 சதவீதம். சில ஆண்டுகளில் குழந்தைகளின் மரபணு மாறிவிடாது. மாறியது சுற்றுப்புறம்தான்.

முதல் காரணம் விலை. ஒரு கொய்யாவோ இரண்டு வாழைப்பழமோ வாங்கும் காசுக்குள் உப்பும் எண்ணெயும் நிறைந்த பாக்கெட் கிடைக்கிறது. அது கெடாது, கழுவ வேண்டாம், கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது. பாக்கெட் மணியாக 10 ரூபாய் வைத்திருக்கும் பிள்ளைக்கு அங்கே வேறு பொருளே இல்லை.

இரண்டாவது, நேரம். டியூஷனும் வீட்டுப்பாடமும் விளையாட்டை மட்டுமல்ல, தூக்கத்தையும் தின்கின்றன. 6 முதல் 12 வயதுக்கு 9–12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறையும். மறுநாள் இனிப்பையும் பொரித்ததையும் பிள்ளை தேடுவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, இடம். காலி மனைகள் கட்டடமாகிவிட்டன, அடுக்குமாடிகளில் பந்து விளையாடத் தடை, சாலையில் நடைபாதை இல்லை. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் தெருவில் விளையாடுவது நின்றே போகிறது. பள்ளி மைதானம் மட்டும்தான் அவர்களுக்கு மிச்சம். அங்கும் கிரிக்கெட் ஆடும் பையன்கள் முழு இடத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள்.

யாரும் பேசாத ஒன்று கழிப்பறை. அது நாறினால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மாலையில் வெளியே வந்ததும் அந்தத் தாகத்தைத் தீர்ப்பது குளிர்பானம்.

இன்னொன்று நம் உடல்வாகு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் ஆய்வுகள், இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போது எடை குறைவாக இருந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு அதிகம் என்று காட்டின. ஒல்லியாகப் பிறந்து பின்னால் வேகமாக எடை போடும் பிள்ளைக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு கூடுதல். அதனால் ஒரே வகுப்பில் ரத்தசோகையால் வாடும் பிள்ளையும் பருமனான பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். கீழே சொல்பவை இருவருக்கும் பொருந்தும். யாருடைய சாப்பாட்டையும் குறைப்பது இதில் இல்லை.

படி 1: வாசலிலிருந்து 50 மீட்டர்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் அறிவித்த பள்ளி உணவு விதிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, சோடியம் ஆகியவை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, விளம்பரமும் கூடாது. நோட்டு அட்டையிலும் ஸ்கோர் போர்டிலும் வரும் கம்பெனிப் பெயரும் இதில் அடங்கும். விளையாட்டு விழாவுக்குக் குளிர்பானக் கம்பெனியிடம் ஸ்பான்சர் வாங்கும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

50 மீட்டர் என்பது பெரியவர் நடையில் சுமார் 65–70 எட்டு. ஒரு ஆசிரியரும் இரண்டு பெற்றோரும் காலை மணி அடிப்பதற்கு அரை மணி முன்பும், மாலை விட்ட பிறகு அரை மணியும் நடந்து பாருங்கள். எந்தக் கடை, என்ன பொருள், என்ன விலை, எத்தனை பிள்ளைகள் வாங்கினார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று நாள் போதும். அதில் ஒன்று வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும்.

அடுத்து கடைக்காரரிடம் பேச வேண்டும். பல பள்ளிகள் இங்கேதான் தவறு செய்கின்றன: நேரே புகார் கொடுக்கின்றன, கடை 60 மீட்டர் தள்ளிப் போகிறது, பிள்ளைகளும் பின்னாலேயே போகிறார்கள். மாங்காய்க் கீற்று, வெள்ளரி, கொய்யா, வேகவைத்த கடலை, சுண்டல், சோளம் விற்கும் பாட்டியை வாசலுக்கு அருகே வரவழையுங்கள். மூடிய பாத்திரம், சுத்தமான தண்ணீர், கையால் தொடாமல் எடுக்கக் கரண்டி ஆகியவற்றைப் பள்ளியே ஏற்பாடு செய்யலாம். பெட்டிக்கடைக்காரர் முன்வரிசையில் கடலை, பொட்டுக்கடலை, பழம் வைத்துப் பாக்கெட்டுகளை உள்ளே தள்ள ஒப்புக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. கேட்கவே மறுப்பவரைப் பற்றி மட்டும் அந்தப் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு, எழுதிய தாளோடு மனு கொடுங்கள்.

படி 2: கேன்டீன்

கேன்டீன் மாறாததற்குக் காரணம் பெரும்பாலும் வாடகை. ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவருக்குக் கொடுத்தால், அந்தப் பணத்தை எடுக்க அவர் லாபம் கூடிய பாக்கெட்டும் பானமும்தான் விற்றாக வேண்டும். சுண்டலில் அந்த லாபம் வராது. கூலி உண்டு, மிஞ்சினால் நஷ்டம். ஆகவே முதலில் வாடகையைக் குறையுங்கள். பிறகு ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: குளிர்பானம், பாக்கெட் பழபானம், சிப்ஸ், சாக்லேட், கிரீம் பிஸ்கட் கிடையாது, பொரித்தது வாரத்தில் ஒரு நாள், ஒருமுறை பொரித்த எண்ணெய் அன்றோடு சரி, பழமும் மோரும் தினமும், குறைந்த விலைப் பொருள் சத்தான பொருளாகவே இருக்க வேண்டும். பள்ளிக்குள் உணவு விற்பவருக்கு ஆணையத்தின் பதிவோ உரிமமோ கட்டாயம் என்பதையும் சேருங்கள்.

100 பிள்ளைகளுக்குச் சுண்டல் போட 2.5 கிலோ கொண்டைக்கடலை, அதாவது தலைக்கு 25 கிராம். எட்டு மணி நேரம் ஊறினால் வெந்தபின் 5 கிலோவுக்கு மேல் வரும். ஆளுக்கு 50 கிராம் கரண்டி ஒன்று. தாளிக்க 100 மில்லி எண்ணெய், இரண்டு தேங்காய், 25–30 கிராம் உப்பு, நான்கைந்து எலுமிச்சை, கறிவேப்பிலை, பெருங்காயம். கோடையில் இரவில் ஊறும் தண்ணீரை ஒருமுறை மாற்றாவிட்டால் நாற்றம் வரும். காலை 7 மணிக்கே தேங்காய் கலந்தால் 11 மணிக்குள் ஊசிப்போகும். துருவிய தேங்காயைத் தனியாகக் குளிர்ச்சியில் வைத்து, கொடுப்பதற்குச் சற்று முன்னால் சேர்க்க வேண்டும். ஒருமுறை ஊசிய சுண்டல் சாப்பிட்ட பிள்ளை திரும்ப அந்தப் பக்கம் வராது. தொடர்ந்து ஒரே கடலை போட்டாலும் சலித்துவிடும். பாசிப்பயறு, தட்டைப்பயறு, வேர்க்கடலை, பட்டாணி என மாற்றிப் போடுங்கள்.

நீர்மோருக்கு 5 லிட்டர் தயிரும் 15 லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் 200 மில்லி டம்ளரில் 100 பேருக்குக் காணும். உப்பு 40 கிராமுக்கு மேல் வேண்டாம். இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை அரைத்து வடிகட்டி ஊற்றினால் தொண்டையில் சிக்காது. தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும்.

"நாட்டுச் சர்க்கரை போட்டது, ஆகவே நல்லது" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எடையைப் பொறுத்தவரை வெல்லமும் சர்க்கரைதான். கடலை மிட்டாய் வைக்கலாம், சிறிய துண்டாக. சத்து பானம் என்று விற்கும் பொடிகளைக் கேன்டீனில் வைக்க வேண்டாம்.

எதையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதல் மாதம் பானங்கள், அடுத்த மாதம் சிப்ஸ், அதன்பின் இனிப்புகள் என்று எடுங்கள். ஒன்றை எடுக்கும் நாளில் அதே விலையில் இன்னொன்று அந்த இடத்தில் இருக்க வேண்டும். இடம் காலியாக இருந்தால் பிள்ளைகளே பையில் பாக்கெட் கொண்டுவந்து வகுப்பில் விற்கத் தொடங்குவார்கள்.

படி 3: சர்க்கரைப் பலகை

சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் தன் பள்ளிகளில், எதில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குக் காட்டும் 'சுகர் போர்டு' வைக்கச் சொன்னது. அந்தச் சுற்றறிக்கையின்படி 4–10 வயதுப் பிள்ளைகளின் அன்றாடக் கலோரியில் 13 சதவீதமும், 11–18 வயதில் 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருகின்றன. பரிந்துரை 5 சதவீதம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளும் இதைச் செய்யலாம், செலவு ஒரு பலகைதான்.

அச்சடித்த போஸ்டரை மாட்டினால் ஒரு வாரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளே கணக்குப் போடட்டும். 7–9 வயதுக்குத் தினம் சுமார் 1,700 கிலோ கலோரி வேண்டும். 5 சதவீதம் 85 கிலோ கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கிலோ கலோரி, ஆகவே 21 கிராம், ஏறத்தாழ 5 டீஸ்பூன். இனி ஒரு பழபானத்தின் லேபிளில் 100 மில்லிக்கு 13 கிராம் என்றிருந்தால், 160 மில்லிப் பெட்டியில் 20.8 கிராம். ஒரே பெட்டியில் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்தது. ஆறாம் வகுப்புப் பெருக்கலுக்கு இது போதும். காலிப் பெட்டிக்கு முன்னால் அந்த அளவுச் சர்க்கரையைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வையுங்கள். லேபிளில் மால்டோடெக்ஸ்ட்ரின், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று வருவதும் இனிப்பைச் சேர்ந்ததுதான் என்று சொல்லிக்கொடுங்கள்.

படி 4: தண்ணீர்

குழாய் எத்தனை வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் குழாயில் 750 மில்லி பாட்டில் நிறைய 7–8 விநாடி. ஆள் மாற இன்னொரு 7 விநாடி. நிமிடத்துக்கு 4 பேர், 15 நிமிட இடைவேளையில் 60 பேர். 400 பிள்ளைகளுக்கு 7 குழாய். பல பள்ளிகளில் மூன்றுதான் இருக்கும். வரிசையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் திரும்பிவிடுகிறார்கள். குழாய் போட முடியாவிட்டால் வகுப்புகளின் இடைவேளையை 10 நிமிடம் முன்பின்னாக மாற்றுங்கள். கேரளத்தில் 2019-இல் பரவிய 'வாட்டர் பெல்' முறையில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கிறார்கள், செலவில்லாத வேலை. ஆனால் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், தண்ணீர், குப்பைக்கூடை இல்லாமல் மணி மட்டும் அடித்துப் பயனில்லை.

படி 5: உடல் அசைவு

உலக சுகாதார நிறுவனம் 5–17 வயதுக்குச் சொல்வது, சராசரியாகத் தினம் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு அசைவு. அதில் வாரம் 3 நாளாவது கடும் பயிற்சி. வாரம் இரண்டு பி.டி. பீரியடில் இது வராது.

ஒரு பி.டி. பீரியடைக் கையில் கடிகாரத்தோடு பாருங்கள். 40 நிமிடத்தில் வரிசை கட்டி மைதானம் வர 6 நிமிடம், வருகைப் பதிவு 4, குழு பிரிக்க 5, திரும்பிப் போக 5. மிச்சம் 20 நிமிடத்தில் 40 பேருக்கு ஒரு பந்து. பருமனான பிள்ளையும் வெட்கப்படும் பிள்ளையும் ஓரத்தில் பைகளுக்குக் காவல். இதைச் சரிசெய்ய எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்களை வருடம் முழுதும் நிலையாக வையுங்கள். வருகைப் பதிவைக் குழுத் தலைவர் எடுக்கட்டும். ஒரு மூலையில் கோகோ, ஒன்றில் ஸ்கிப்பிங், ஒன்றில் கிளித்தட்டு, ஒன்றில் பந்து, ஒன்றில் பாண்டி. 5 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். 'அவுட்' ஆனவர் வெளியே உட்காரும் ஆட்டங்களைத் தவிருங்கள். அவற்றில் முதலில் வெளியேறுவது, அசைவு அதிகம் தேவைப்படும் பிள்ளையே.

அந்த 60 நிமிடத்தில் மீதிக்கு, ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங்கில் 2012-இல் எலைன் வைலி என்ற தலைமை ஆசிரியை தொடங்கிய 'டெய்லி மைல்' நல்ல வழி. தினம் 15 நிமிடம் பிள்ளைகள் சீருடையிலேயே தங்கள் வேகத்தில் ஓடலாம், நடக்கலாம், போட்டி கிடையாது. நம் ஊரில் காலை வழிபாடு முடிந்ததும் வைத்துக்கொள்வது வசதி. மார்ச் முதல் ஜூன் வரை 10 மணிக்கு மேல் வெயிலில் ஓடவிடக் கூடாது, வராந்தாவில் நடக்கட்டும். மைதானத்தை வாரத்தில் இரண்டு நாள் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்குங்கள்.

தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதை அடியோடு நிறுத்த வேண்டும். ஓட்டம் என்றாலே அவமானம் என்று பதிந்த பிள்ளை பிறகு தானாக ஓடுவதே இல்லை. பி.டி. பீரியடை வேறு பாடத்துக்கு எடுத்தால், அதே வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்று கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

படி 6: சாப்பாடு

அரசுப் பள்ளிகளுக்கு இங்கே ஒரு பலம் உண்டு. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. காலையில் பொங்கலோ உப்புமாவோ சாம்பாரோடு சாப்பிட்ட பிள்ளை 11 மணிக்குப் பாக்கெட்டைத் தேடாது. சத்துணவில் முட்டையும் உண்டு. சாம்பாரின் காய் அண்டாவின் அடியில் தங்கிவிடுவதுதான் குறை; அடிவரை கிளறிப் பரிமாறச் சொல்லுங்கள். பள்ளித் தோட்டத்து முருங்கைக்கீரை பருப்போடு சேரட்டும்.

டிபன் பாக்ஸில் பாதி காயும் பழமும், கால் பங்கு சோறு, இட்லி, சப்பாத்தி போன்றவை, கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் ஏதாவது ஒன்று என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு பாக்ஸைத் திறந்தே காட்டுங்கள். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வரும் நாளில் வறுவலுக்குப் பதில் பீன்ஸ் பொரியலும் ஒரு அவித்த முட்டையும் வைத்தால் பாக்ஸ் சரியாகிவிடும். வகுப்பில் ஆசிரியர் பாக்ஸைத் திறந்து பார்த்துக் கருத்துச் சொல்லக் கூடாது. "சத்தான உணவு" என்ற பெயரில் முட்டை, மீன், இறைச்சியைத் தடுக்கவும் கூடாது. அவை பிள்ளைகளுக்கு நல்ல புரதம்.

மதிய இடைவேளை 20 நிமிடம் என்றால் பிள்ளைகள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வயிறு நிறைந்ததை மூளை உணரச் சிறிது நேரம் வேண்டும். 40 நிமிடம் கொடுங்கள். பிறந்தநாளுக்குச் சாக்லேட் வேண்டாம், வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் போதும். சரியான பதிலுக்கு மிட்டாய் தரும் வழக்கமும் போகட்டும்.

படி 7: அளவெடுப்பதும் பேசுவதும்

ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் ஜனவரியிலும் உயரமும் எடையும் பாருங்கள். ஷூ, பெல்ட் கழற்றியிருக்க வேண்டும். உயரம் பார்க்கும்போது குதிகால், இடுப்பு, தலை மூன்றும் சுவரைத் தொட வேண்டும். எடை மெஷினில் 5 கிலோ அரிசி மூட்டையை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் எண், வரும். 140 சென்டிமீட்டர் உயரமும் 40 கிலோவும் உள்ள 10 வயதுப் பையனுக்கு 40 ÷ 1.96 = 20.4. பெரியவருக்கு இது இயல்பு. 10 வயதுக்கு அதிக எடை. ஆகவே பெரியவர் அட்டவணையைக் கையில் எடுக்காதீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட 5–18 வயது வளர்ச்சி வரைபடத்தில், ஆண் பெண் தனித்தனியாகப் பாருங்கள்.

அளவெடுப்பது திரைக்குப் பின்னால், ஒவ்வொருவராக. எண்ணை உரக்கப் படிக்கக் கூடாது, பட்டியலை ஒட்டக் கூடாது. எல்லாப் பெற்றோருக்கும் மூடிய உறையில் அனுப்புங்கள். பருமனான பிள்ளைகளுக்கு மட்டும் அனுப்பினால் உறையே அடையாளமாகிவிடும். "குண்டு", "பூசணி" என்று கூப்பிடுவதை ஆசிரியர்களிடமிருந்து முதலில் நிறுத்துங்கள். கேலிக்குள்ளான பிள்ளை விளையாட்டைத் தவிர்க்கிறது, ஒளிந்து சாப்பிடுகிறது, எடை இன்னும் கூடுகிறது.

வளரும் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். பெரும்பாலோருக்கு எடை அப்படியே நின்று உயரம் ஏறினாலே பி.எம்.ஐ. இறங்கும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால், இரவில் குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால், மாதவிடாய் ஒழுங்கற்றுப் போனால், முழங்கால் வலி தொடர்ந்தால் குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஆண்டுதோறும் வரும் பள்ளி நலக்குழுவிடமும் காட்டலாம்.

தொடங்கும் வரிசை

ஜூனில் வாசலை அளந்து கேன்டீன் ஒப்பந்தத்தை மாற்றுங்கள்; இடையில் மாற்ற முடியாது. ஜூலையில் தண்ணீரும் கழிப்பறையும், முதல் அளவெடுப்பும். ஆகஸ்டில் 15 நிமிட ஓட்டம். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு டிபன் பாக்ஸ் பேச்சு. தேர்வு மாதங்களில் ஓட்டத்தை நிறுத்தும் ஆசை வரும். 10 நிமிடமாகவாவது தொடருங்கள்.

வருட முடிவில் பிள்ளைகளின் எடையை வைத்துப் பள்ளியை மதிப்பிட வேண்டாம். அது மெதுவாக மாறும். கேன்டீனில் ஒரு வாரத்தில் விற்ற பழம், மோர், சுண்டல் எத்தனை, குப்பைக்கூடையில் விழுந்த பாக்கெட் உறைகள் எத்தனை, பறிபோன பி.டி. பீரியடுகள் எத்தனை, ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த ஜூனில் ஒப்பந்தம் போடும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.